எட்டில் ஐந்தா, முக்காலா?

1

நியூசிலாந்தின் ஹாமில்டனில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஊருக்குப் புறப்படும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். பால் பவுடர், சாக்லேட், மூட்டுவலித் தைலம். சென்ற வருஷம் என் தம்பி மகள் நிவேதா கேட்டது அதில் எதுவும் இல்லை.

"பெரியப்பா, எனக்கொரு கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் வேணுமுங்க."

புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

நிவேதா இருப்பது கேரளத்து எல்லையோரப் பெருமாட்டியில், எங்கள் தோப்பு வீட்டில். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள். பகலெல்லாம் அப்பாவோடு தென்னந்தோப்பைப் பார்ப்பாள், மிச்ச நேரமெல்லாம் கார். மண் பாதையிலும் மலைச்சாலையிலும் நடக்கும் ரேலிப் பந்தயங்களில் ஓட்டுகிறாள். அவளுடைய கார் வெளியே பார்த்தால் ஒரு காலத்தில் பக்கத்துச் சித்தூர் டாக்டர்கள் வைத்திருந்த சாதாரண ஜப்பான் கார். உள்ளே இருக்கும் டர்போ இஞ்சினும் கியர்பாக்ஸும் வேறொரு காருடையவை. ஜப்பானிலிருந்து தனியாக வந்து அதற்குள் உட்கார்ந்தவை.

"மிதிச்சா பெடல் அப்படியே கீழ போயி ஒட்டிக்குதுங்க. எந்திரிக்கவே மாட்டேங்குது. இங்க கெடைக்கறதெல்லாம் டூப்ளிகேட்டு. உங்கூர்லதான் ஜப்பான் காரு கப்பல் கப்பலா வந்து எறங்குதாமா. ஒடைக்கற யார்டுல கேட்டுப் பாருங்க."

இதிலென்ன இருக்கிறது, ஒரு சாமான்தானே என்று அடுத்த சனிக்கிழமை பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒரு யார்டுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். ஆனால் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பாடி எந்த மாடல்? கியர்பாக்ஸ் எந்த மாடல்? கிளட்ச் பழையதா, பந்தயத்துக்கான கெட்டி ரகமா? கடைசியில், "போர் என்ன?" என்றார்.

போர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஆழ்துளைக் கிணறுதான். பெருமாட்டிக்காரனிடம் போர் என்று சொன்னால் எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் யோசிப்பான். நான் விழித்ததைப் பார்த்து அவர் ஒரு சிலிண்டரை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் பருமனில் ஓர் உலோக உருளை, தலையில் ஆயில் ஊற்ற ஒரு டப்பா. பெடலை மிதித்தால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, ஊசிமருந்து சிரிஞ்சைப் போல ஆயிலைக் குழாய் வழியே கியர்பாக்ஸுக்குத் தள்ளும். அங்கே கிளட்ச் விடுபடும். அந்த உருளையின் துளை எவ்வளவு அகலம் என்பதுதான் போர். எட்டில் ஐந்து அங்குலமும் இருக்கிறது, முக்கால் அங்குலமும் இருக்கிறது. எது வேண்டும்?

எனக்குத் தெரியவில்லை. பால் பவுடர் தொழிற்சாலையில் வால்வும் பம்புமாகவே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. ஆனாலும் இந்தச் சின்ன உருளைக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன்.

2

வீட்டில் என் மனைவி லட்சுமியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். லட்சுமி தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். "வாங்கிட்டுத்தான் போங்களேன், அந்தப் புள்ள ஆசையாக் கேக்குது" என்றாள். எதை வாங்குவது என்பதுதானே சிக்கல் என்றேன்.

அப்போது மாடிப்படியில் நின்று எங்கள் மகன் கவின் ஆங்கிலத்தில் கேட்டான், "எந்த கியர்பாக்ஸ்?"

இதைச் சொன்னால் சாதாரணமாகத் தெரியலாம். கவினுக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கெவின் ஆகிவிட்டான். பல்கலைக்கழகத்தை எங்களிடம் சொல்லாமல் பாதியில் விட்டுவிட்டு ஒரு டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அது தெரிந்து நான் சத்தம் போட்ட நாளிலிருந்து வீட்டில் அவனுக்கு ஓகே, ஃபைன், லேட்டர் என்ற மூன்று வார்த்தைகளே போதுமானதாக இருந்தன. அவனாக ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியாது.

"தெரியாதுப்பா" என்றேன். போனை வாங்கி அவனே நிவேதாவைக் கூப்பிட்டான்.

அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் ஆங்கிலத்தில் கேட்டான், அவள் தமிழும் ஆங்கிலமுமாகப் பதில் சொன்னாள். அவளுடைய கிளட்ச் கெட்டி ரகம், அதனால் முக்கால் அங்குலம்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. எட்டில் ஐந்தே போதும், பெடல் லேசாக இருக்கும் என்பது அவன் கட்சி. பெரிய துளை வைத்தால் ஆயில் நிறையத் தள்ளும், கிளட்ச் முழுசாக விடும், ஆனால் பெடல் கல்லாக இருக்கும். சின்னத் துளை என்றால் கால் நோகாது, ஆனால் கிளட்ச் முழுசாக விடுமா என்பது சந்தேகம். இது புரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எது சரி என்று என்னைக் கேட்டபோது பெருமை போய்விட்டது.

இரண்டு வாரம் வீடியோவில் இதே வாக்குவாதம். அடுத்த சனிக்கிழமை யார்டுக்கு அவனும் வந்தான். இரண்டுக்கும் நடுவில் பதினாறில் பதினொன்று என்று மூன்றாவதாக ஓர் அளவு இருப்பதை அங்கே கண்டுபிடித்தான். குழப்பம் கூடியது. காரில் திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "பெடலை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. நானும் வரவா?" என்றான்.

ஒன்பது வருஷமாக ஊர் என்று சொன்னாலே கதவைச் சாத்திக்கொண்டவன். லட்சுமியிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மாமா கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், வரல. ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குக் கூப்பிட்டேன், வரல. இந்த இரும்புத் துண்டுக்கு வாரானா?" தனக்கு லீவு கிடைக்காதது அவளுக்குப் பெரிய வருத்தம். என்னைத் தனியாக அழைத்து, "எப்படியாவது பேசிப் பாருங்க. திரும்பி வந்து படிப்ப முடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

மூன்று சிலிண்டர்களையும் வாங்கினோம்.

3

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

முதலாவது கவினின் அட்டை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவார்களே, அது. அதில் இருந்தது மூன்று வயதுக் குழந்தையின் படம், எதிரே நின்றது தாடி வைத்த ஓர் ஆள். அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் பையன்தாங்க."

"இந்தக் கொழந்த யாருன்னு கேட்டேன்."

"அதுவும் அவன்தாங்க."

இரண்டாவது சுங்கம். பையைத் திறந்து, இது என்ன என்றார்கள். சிலிண்டர் என்றேன். அந்த அம்மா ஓரடி பின்வாங்கினார். "சிலிண்டரா? கேஸா?" இல்லை, கார் சிலிண்டர் என்றேன். "காருக்கு கேஸ் சிலிண்டரா?" என்று இன்னொருவரையும் கூப்பிட்டார். எனக்கு ஆங்கிலமும் தமிழும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கவின் தன் காலைத் தூக்கி, தரையில் மிதித்துக் காட்டி, "கிளட்ச்... மிதி... கார்" என்றான். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். பிறவித் தமிழனான நான் விளக்க முடியாததை அவன் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டான்.

4

பெருமாட்டி வீட்டில் என் தம்பி தங்கவேலு வழக்கம்போல வாசலுக்கு ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். கவின் அவனுக்கு வணக்கம் சொன்ன கையோடு கார் நிற்கும் கொட்டகைக்குப் போய்விட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

முதலில் முக்கால் அங்குலத்தை மாட்டினார்கள். கியர் வெண்ணெயாக விழுந்தது. ஆனால் பெடல்? நான் மிதித்துப் பார்த்தேன். ஜிம்முக்குப் போகாத என் தொடை நடுங்கியது. நிவேதா மிதித்துவிட்டு இறங்கும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டில் ஐந்து. பெடல் பஞ்சு. முதல் கியர் போடும்போது மட்டும் பாத்திரக்கடையில் யாரோ விழுந்தது போலச் சத்தம். கிளட்ச் முழுசாக விடவில்லை.

மூன்றாவது, நடு அளவு. அதை மாட்டவே முடியவில்லை. போல்ட் துளைகள் வேறு இடத்தில் இருந்தன. கவினும் நிவேதாவும் எதிரெதிரே உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தங்கவேலு என்னைத் தோப்புக்குள் கூட்டிப்போனான். சொட்டுநீர்க் குழாயைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பாவனை செய்தான்.

"அண்ணா, போன வருசம் வண்டி பள்ளத்துல எறங்குச்சில்லீங்க? உங்ககிட்ட சின்ன அடின்னு சொன்னோம். முட்டி நல்லா அடிபட்டுருச்சுங்க. டாக்டரு ஆப்ரேசன் பண்ணோணும்னாரு. பந்தயம் முடியட்டும், பந்தயம் முடியட்டும்னு தள்ளிப்போட்டுட்டே இருக்கறா."

"நீ சொல்றதுதானே?"

"நாஞ் சொன்னா கேக்கறாளா? நீங்க சொன்னா கேப்பா. மூணும் இந்த வண்டிக்குச் சேராது, வேற கெடைக்காதுன்னு சொல்லிருங்கண்ணா. அதோட இந்தப் பைத்தியம் நின்னுரும்."

நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். கவின் எதையோ சொல்ல, நிவேதா சிரித்தாள். அவனும் சிரித்தான். என் மகனின் சிரிப்புச் சத்தத்தை எங்கள் வீட்டில் நான் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. சேராது என்று நான் சொன்னால் நிவேதாவின் முழங்கால் பிழைக்கும். ஆனால் அந்தச் சிரிப்பும் அதோடு நின்றுபோகும். சேரும் என்று நான் சொல்ல, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்? அவனுக்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. சொல்லாததையே அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நான் சொல்வதற்குள் எல்லாம் என் கையைவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் சித்தூர் லேத் பட்டறைக்குப் போய், அலுமினியத்தில் ஒரு தகடு வெட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய துளையில் தகடு, தகட்டின்மேல் புதிய சிலிண்டர். நடு அளவு உட்கார்ந்துவிட்டது. இனி குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் திருகைத் திறக்க, ஒருவர் மேலே ஆயில் ஊற்ற வேண்டும். நான் ஊற்றினேன், கவின் அடியில். அதுவரை தள்ளி நின்ற தங்கவேலு, நிவேதாவை மிதிக்கவிடக் கூடாது என்று தானே வந்து சீட்டில் உட்கார்ந்தான்.

"மிதி!" என்று அடியிலிருந்து கத்தினான் கவின். தங்கவேலு திடுக்கிட்டான். ஊருக்குள் அவனை நீ என்று கூப்பிட ஆள் கிடையாது.

"டேய், சித்தப்பாடா. மிதிங்கன்னு சொல்லு" என்றாள் நிவேதா.

"சாரி. மிதிங்க, சித்தப்பா! பிடிங்க! ... விடுங்க!"

"இதென்னுங்கண்ணா, உங்க பையன் என்னிய மாடு மாதிரி ஓட்டறான்" என்றான் தங்கவேலு. ஆனால் காற்று முழுக்கப் போகும்வரை அவன் இறங்கவில்லை.

5

பெடல் சரியாக இருக்கிறதா என்று மலை ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள் நிவேதா. தேவிகுளத்தில் லட்சுமியின் அண்ணன் முருகன் வீட்டுக்கு எப்படியும் நாங்கள் போகவேண்டியிருந்தது. எனவே மூவரும் அந்தக் காரிலேயே புறப்பட்டோம். தங்கவேலு வழியனுப்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு. கேரளத்திலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடி கேரளத்துக்குள் நுழைகிற வழி. மறையூர் வரை எல்லாம் நன்றாக இருந்தது. நிவேதா ஓட்டுவதை அன்றுதான் பார்த்தேன். வளைவுக்கு முன்னாலேயே அவளுக்கு வளைவு தெரிந்திருந்தது. கவின் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரும்பு ஆலைப் புகை தெரிந்த இடத்தில் நிறுத்தி டீ குடித்தோம். "கரெக்ட்டு அளவு இதுதான்டா" என்று அவன் கையைக் குலுக்கினாள்.

தேயிலை தொடங்கியதும் சுற்றுலா வண்டிகள் தொடங்கின. மூணாறை நெருங்க நெருங்க ஒரே அடைப்பு. ஏற்றத்தில் நாலடி நகர்வது, நிற்பது, மறுபடி நாலடி. ஒவ்வொரு நாலடிக்கும் ஒரு மிதி. பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் நிவேதாவைப் பார்த்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் வண்டி குலுங்கி அணைந்தது. அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு கையாலும் இடது தொடையைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

"என்ன கண்ணு?"

"சிலிண்டரு சரியா இருக்குதுங்க பெரியப்பா" என்றாள். "காலுதானுங்க சரியில்ல."

பின்னால் ஹாரன்கள். கவினுக்கு இங்கே ஓட்ட அனுமதி இல்லை. நான் மட்டும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். ஆனால் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டி ஓட்டி என் இடது காலுக்கு வேலை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. அவளைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். முதல்முறை அணைந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. மூன்றாம் முறை வண்டி பின்னால் உருண்டது. பின்னால் வந்த ஜீப்காரர் மலையாளத்தில் ஏதோ சொன்னார், நல்லவேளையாக எனக்கு முழுசாகக் கேட்கவில்லை.

"அப்பா." கவின் என் தொடைமேல் கை வைத்து, கொட்டகையில் பழகிய தமிழில் சொன்னான். "அவசரம் இல்ல. மெதுவா. இன்னும் மெதுவா. பெடல் கடிக்கிற எடம் வரும், அங்க நிறுத்துங்க. ஃபீல் ஆகுதா? இப்ப ஆக்ஸிலேட்டர்."

வண்டி ஏறியது. அப்படியே தேவிகுளம் வரை ஏறியது. என் சட்டை முழுக்க வியர்வை. அவன் கை கடைசி வரை என் தொடைமேலேயே இருந்தது. அவனாக என்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

முருகன் மச்சான் லைன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். நிவேதாவை நாங்கள் தாங்கிப்பிடித்து இறக்கியதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, புள்ளைக்கு என்னாச்சு? உள்ள கொண்டாங்க, வெந்நி வைக்கச் சொல்லுதேன்" என்றார். நான் வெளியிலேயே நின்று தங்கவேலுவுக்குப் போன் செய்தேன். விழுந்துவிட்டாளா, வண்டி எங்கே என்றெல்லாம் கத்துவான் என்று நினைத்தேன்.

"அண்ணா, ஓட்டறத நிறுத்தோணும்னுதான் நான் வேண்டுனனுங்க. இப்படி வேண்டலீங்க."

6

கோயம்புத்தூரில் ஆப்ரேஷன் நடந்தது. ஒரு வருஷத்துக்குப் பந்தயம் கூடாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் நிவேதா கவினைக் கூப்பிட்டு, பெடலின் நீளத்தை மாற்றினால் மிதி இன்னும் லேசாகுமா என்று கேட்டாள். தங்கவேலு அதைக் கேட்டுக்கொண்டே ஆரஞ்சு உரித்தான். திட்டவில்லை. "அதையும் அளந்துதான் பாக்கோணும்" என்று அவனே சொன்னபோது எனக்கு யாரை நம்புவது என்றே தெரியவில்லை.

என் லீவு முடிந்தது. கவின், நான் இருக்கிறேன் என்றான். அக்கா எழுந்து நடக்கும்வரை தோப்பைச் சித்தப்பாவோடு பார்த்துக்கொள்வானாம், காரையும் பார்த்துக்கொள்வானாம். தேங்காய்க்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். பத்தொன்பது வயதில் பால் பவுடருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தத்தை நினைத்து மூடிக்கொண்டேன். படிப்பைப் பற்றி லட்சுமி பேசச் சொன்னதையும் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். ஓகே என்றான். அது எந்த ஓகே என்று எனக்குப் புரியவில்லை.

தனியாகத் திரும்பி வந்த என்னை வாசலில் பார்த்த லட்சுமி, காருக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

பல மாதங்கள் ஆகிவிட்டன. நிவேதா கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். கவினுடைய தமிழில் இப்போது 'போலாமுங்க', 'வேண்டாமுங்க' எல்லாம் வருகிறது. அது தன் பேச்சு இல்லை, என் பேச்சு என்று தேவிகுளத்துக்காரி லட்சுமிக்குக் கொஞ்சம் பொறாமை. தினமும் என்னைக் கேட்பாள், எப்ப வாரான்? எனக்கே தெரியாது என்பேன். நேற்று, நீங்களே இப்பக் கேளுங்க என்று போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்பருகே போய் நின்றுகொண்டாள்.

கவின் தோப்பில் இருந்தான். மோட்டார் சத்தம் கேட்டது.

"எப்பப்பா வர்றே? அம்மா கேட்கறா."

"அப்பா, நீங்க மொதல்ல நியூசிலாந்து போறப்போ வீட்ல என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

"ரெண்டு வருஷம்னு சொன்னேன்."

"அப்ப நானும் அதேதானுங்க" என்றான். அங்கே யாரோ கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டான்.

"என்ன சொல்றான்?" என்றாள் லட்சுமி.

"ரெண்டு வருஷமாம்."

அவள் அடுப்பை அணைத்தாள். அந்த ரெண்டு வருஷம் எவ்வளவு நீளும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.